புத்தக அத்தியாயம் ஒன்றைச் சுருக்கி எழுதுவது எப்படி?

பள்ளியில் தமிழ்த் தேர்வு எழுதியவர்களுக்கு 'மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக' என்ற வினா நினைவிருக்கும். ஒரு பத்தி கொடுப்பார்கள். சொற்களை எண்ணி, மூன்றால் வகுத்து, ஒரு தலைப்பிட்டு எழுதுவோம். நல்ல பயிற்சிதான். ஆனால் கல்லூரியில் ஒரு புத்தகத்தின் அத்தியாயத்தைச் சுருக்கி வரச் சொன்னாலோ, வாசகர் வட்டத்தில் 'அடுத்த வாரம் மூன்றாம் அத்தியாயத்தை நீங்கள் சொல்லுங்கள்' என்றாலோ அந்தப் பழக்கம் கைகொடுப்பதில்லை. 20 பக்க அத்தியாயத்தை ஏழு பக்கமாக்கினால் அதைப் படிப்பதற்குப் பதில் மூலத்தையே படித்துவிடலாம். பத்தி பத்தியாகக் குறைத்துக்கொண்டே போனால் மிஞ்சுவது அதே அத்தியாயத்தின் மங்கலான ஜெராக்ஸ்.

ஓர் அத்தியாயத்தின் கனம் எல்லாப் பக்கத்திலும் ஒரே அளவில் இருக்காது. ஆசிரியர் எதை நிறுவ வந்தார், அதற்கு எந்தப் பகுதி தோள் கொடுக்கிறது, எது வெறும் துணை என்று கண்டுபிடிப்பதே இந்த வேலையில் முக்கால் பங்கு. எழுதுவது கால் பங்குதான். அதனால் இந்தக் கட்டுரையிலும் எழுதுவதைவிடப் படிப்பதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் புரியாது. ஓர் உண்மையான அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். 1859 நவம்பரில் லண்டனில் வெளியான, சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் மூன்றாம் அத்தியாயம். தலைப்பு 'வாழ்க்கைப் போராட்டம்'. முதற்பதிப்பில் ஏறத்தாழ 20 பக்கம். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எடுத்துக்காட்டுகள் குவிந்து கிடக்கும் அத்தியாயம் இது. புதிதாகச் சுருக்கம் எழுதுபவர்கள் தடுமாறும் இடமும் அதுதான்: எதை வைப்பது, எதை விடுவது?

தொடங்கும் முன் இரண்டு முடிவுகள்

யாருக்காக எழுதுகிறீர்கள், எவ்வளவு நீளம்? இதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தேர்வுக்கு முன் நீங்களே திருப்பிப் பார்க்க எழுதும் குறிப்பில், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தைப் படிக்காத ஒருவருக்கு எழுதும்போது கலைச்சொற்களை விளக்கியாக வேண்டும். பாடம் நடத்துபவர் அளவு எதுவும் சொல்லவில்லை என்றால், 20 பக்க அத்தியாயத்துக்கு ஒரு பக்கம், அதாவது 200 முதல் 250 சொற்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் ஒரு சொல்லே பல உருபுகளைச் சுமப்பதால், ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் சொல் எண்ணிக்கையைவிடக் குறைவாகவே போதும்.

இரண்டாவது, எந்தப் பதிப்பு? பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. நம் அத்தியாயத்திலேயே சான்று இருக்கிறது. ஓர் இணை யானையிலிருந்து எத்தனை யானைகள் பெருகும் என்று டார்வின் ஒரு கணக்குப் போடுகிறார். 1859 முதற்பதிப்பில், ஐந்து நூற்றாண்டு முடிவில் ஒன்றரைக் கோடி யானைகள் உயிரோடு இருக்கும் என்று எழுதினார். அந்தக் கணக்கில் பிழை இருந்ததைப் பிறகு சிலர் சுட்டிக்காட்டினார்கள். 1872இல் வந்த ஆறாம் பதிப்பில், 740 முதல் 750 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு கோடியே 90 லட்சம் என்று இருக்கிறது. ஒருவர் ஒன்றரைக் கோடி என்றும் இன்னொருவர் ஒரு கோடியே 90 லட்சம் என்றும் எழுதினால், இருவரும் ஒழுங்காகப் படித்தவர்களாகவே இருக்கலாம். எனவே சுருக்கத்தின் தலையில் நூலின் பெயர், ஆசிரியர், அத்தியாய எண், பதிப்பு, பக்க எண்கள் என ஒரு வரி எழுதிவிட்டே உட்காருங்கள். மொழிபெயர்ப்பில் படித்தால் மொழிபெயர்ப்பாளர் பெயரும் வேண்டும்.

முதல் வாசிப்பு: பென்சில் வேண்டாம்

முதல் முறை படிக்கும்போது அடிக்கோடு இடாதீர்கள். அத்தியாயம் எங்கே போகிறது என்று தெரியாமலே கோடு போட்டால், சுவையாக இருக்கும் எல்லா வரிக்கும் கோடு விழும். கடைசியில் முழுப் பக்கமும் கோடாக இருக்கும்.

அதற்குப் பதில் மூன்று இடங்களைக் கவனித்துப் பாருங்கள். ஒன்று, புத்தகத்தில் இந்த அத்தியாயம் உட்கார்ந்திருக்கும் இடம். பொருளடக்கத்தைத் திறந்தால், டார்வினின் முதல் அத்தியாயம் வளர்ப்பு உயிர்களிடம் காணும் வேறுபாடுகள், இரண்டாவது இயற்கையில் காணும் வேறுபாடுகள், மூன்றாவது வாழ்க்கைப் போராட்டம், நான்காவது இயற்கைத் தேர்வு. இந்த வரிசையைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடுகிறது. வேறுபாடுகள் இருக்கின்றன என்று இரண்டு அத்தியாயங்களில் காட்டிவிட்டார். அந்த வேறுபாடுகளிலிருந்து இயற்கை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று நான்காவதில் சொல்லப்போகிறார். நடுவில் இருக்கும் மூன்றாவது அத்தியாயம் இரண்டையும் இணைக்க வந்தது. இதை உணராமல் எழுதப்படும் சுருக்கம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தரத்தில் தொங்கும்.

இரண்டாவது, தொடக்கப் பத்திகள். வாழ்க்கைப் போராட்டத்துக்கும் இயற்கைத் தேர்வுக்கும் என்ன தொடர்பு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன் என்றுதான் டார்வின் ஆரம்பிக்கிறார். மூன்றாவது, கடைசிப் பத்திகள். கெட்டிக்கார ஆசிரியர்கள் இந்த இரண்டு முனைகளிலும் தங்கள் நோக்கத்தைத் திறந்தே வைத்திருப்பார்கள்.

இந்த நூலில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒவ்வோர் அத்தியாயத்தின் தலைப்புக்குக் கீழும், உள்ளே என்னென்ன வருகிறது என்று டார்வினே சிறுசிறு தொடர்களாகக் கொடுத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. அதைப் பார்த்ததும் 'ஆசிரியரே சுருக்கம் கொடுத்துவிட்டாரே' என்று அதையே தமிழாக்கிக் கொடுத்துவிடத் தோன்றும். அது வெறும் பட்டியல். 'பெருக்கத்தின் வேகம்', 'தட்பவெப்பத்தின் விளைவுகள்' என்று பொருள்களை அடுக்குமே தவிர, அந்தப் பொருள்களைப் பற்றி ஆசிரியர் என்ன சொல்கிறார், ஒன்று எப்படி இன்னொன்றுக்குக் காரணமாகிறது என்று சொல்லாது. அதை வழித்துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாசிப்பு: பகுதி பிரித்து ஓரக்குறிப்பு

இப்போது பென்சிலை எடுக்கலாம். பத்தி பத்தியாகப் போகாமல், ஒரே வேலையைச் செய்யும் பத்திகளை ஒரு பகுதியாகச் சேருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஓரத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரியில், பகுதி எதைப் பற்றியது என்பதோடு அது வாதத்தில் என்ன வேலை செய்கிறது என்பதையும் எழுதுங்கள். என் பிரதியின் ஓரத்தில் இருப்பது இப்படி:

கேள்வி: சிறு வேறுபாடுகள் எப்படித் தனித்தனி இனங்களாகின்றன? விடை: வாழ்க்கைப் போராட்டத்தின் விளைவாக.

சொல் விளக்கம்: 'போராட்டம்' என்பதை விரிந்த பொருளில் ஆள்கிறார். சார்ந்து வாழ்வதும் சந்ததி விட்டுச் செல்வதும் அடக்கம்.

காரணம்: எல்லா உயிரும் பிழைக்கக்கூடியதைவிட அதிகமாகப் பெருகுகிறது. மக்கள்தொகை உணவைவிட வேகமாகப் பெருகும் என்ற மால்தஸின் கருத்து. யானைக் கணக்கு.

தடைகள்: பெருக்கத்தை எது நிறுத்துகிறது? எதிரிகள், உணவு, தட்பவெப்பம், நோய். களைச்செடிச் சோதனை.

சிக்கலான தொடர்புகள்: தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் உயிர்கள்கூட ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. பைன் மரங்கள், பூனை.

எங்கே கடுமை: ஒரே இனத்துக்குள்ளேதான் போட்டி மிகக் கடுமை.

முடிவு: ஓர் உயிரின் அமைப்பைத் தீர்மானிப்பது மற்ற உயிர்களோடு அதற்கு உள்ள உறவு. கடைசியில் ஓர் ஆறுதல் வாக்கியம்.

ஏழு வரிகள். 20 பக்கங்களின் எலும்புக்கூடு இவ்வளவுதான். கவனியுங்கள், ஒவ்வொரு வரியின் முன்னாலும் 'கேள்வி', 'காரணம்', 'முடிவு' என்று ஒரு வேலைப் பெயர் இருக்கிறது. பின்னால் வாக்கியங்களைக் கோக்கும்போது 'ஆகவே', 'ஏனெனில்', 'இருந்தும்' என்ற இணைப்புகள் எங்கே வர வேண்டும் என்று அந்தப் பெயர்களே சொல்லிவிடும்.

புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வாக்கியம்

இது கடினமான படி. பலரும் தாண்டிப் போய்விடும் படியும் இதுதான். புத்தகத்தையும் குறிப்பையும் மூடிவிட்டு, இந்த அத்தியாயத்தின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.

பெரும்பாலும் முதல் முயற்சி இப்படி வரும்: 'இந்த அத்தியாயத்தில் டார்வின் வாழ்க்கைப் போராட்டத்தைப் பற்றி விளக்குகிறார்.' இது தலைப்பைத் திருப்பிச் சொல்வது. அத்தியாயத்தைப் படிக்காதவர்கூட எழுதிவிடலாம்.

அடுத்த முயற்சி: 'உயிரினங்கள் அனைத்தும் வாழ்வதற்காகப் போராடுகின்றன என்கிறார் டார்வின்.' முன்னதைவிட மேல். ஒரு கருத்து இருக்கிறது. ஆனால் ஏன் போராடுகின்றன, அதனால் என்ன விளைகிறது என்று இல்லை.

இன்னொன்று: 'எல்லா உயிர்களும் பிழைக்கக்கூடிய அளவுக்கு மேல் பெருகுவதால் அவற்றுக்குள் போராட்டம் தவிர்க்க முடியாதது, அந்தப் போராட்டத்தில் ஓர் உயிருக்குச் சிறிதளவு உதவும் வேறுபாடும் அதைப் பிழைக்க வைத்து, சந்ததிக்கும் போய்ச் சேரும் என்று டார்வின் வாதிடுகிறார்.' இதில் காரணம் இருக்கிறது, விளைவு இருக்கிறது, அடுத்த அத்தியாயத்துக்கான வழியும் திறந்திருக்கிறது. இனி எழுதப்போகும் ஒவ்வொரு வரியையும் இந்த வாக்கியத்தோடு வைத்துப் பார்க்கலாம்.

வாக்கியம் வரவில்லை என்றால் எழுதத் தொடங்காதீர்கள். இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் இன்னொரு முறை படியுங்கள். பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

எந்த எடுத்துக்காட்டை வைப்பது?

இந்த அத்தியாயத்தின் அழகே எடுத்துக்காட்டுகளில்தான் இருக்கிறது. அதனாலேயே அவை சுருக்கத்தை விழுங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மூன்றடி நீளம், இரண்டடி அகலம் உள்ள ஒரு நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, அதில் முளைத்த களைச்செடிகளை டார்வின் ஒவ்வொன்றாகக் குறித்து வந்தார். 357 முளைத்தன, அவற்றில் 295 அழிந்தன, பெரும்பாலும் ஓடில்லாத நத்தைகளாலும் பூச்சிகளாலும். 1854-55 குளிர்காலத்தில் தன் நிலத்தில் இருந்த பறவைகளில் ஐந்தில் நான்கு பங்கு மடிந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார். இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஒரு தரிசு மேட்டில் வேலியிட்ட இடங்களில் மட்டும் பைன் கன்றுகள் தாமாகவே அடர்ந்து எழுந்திருந்தன. வேலிக்கு வெளியே கன்றே இல்லை என்று முதலில் தோன்றியது. குனிந்து புதர்த் தண்டுகளுக்கு இடையே தேடியபோது, மாடுகள் திரும்பத் திரும்பக் கடித்ததால் தலை தூக்க முடியாத ஏராளமான குட்டிக் கன்றுகள் இருந்தன. ஒரு சதுர கஜத்தில் 32 எண்ணினார். ஒன்றின் தண்டில் 26 ஆண்டு வளையங்கள்!

அப்புறம் புகழ்பெற்ற பூனைக் கதை. செந்நிறக் குளோவர் என்ற தீவனச் செடியின் பூவுக்கு ஒருவகைப் பெரிய தேனீ மட்டுமே வருகிறது என்கிறார். அந்தத் தேனீயின் கூடுகளை வயல் எலிகள் அழிக்கின்றன. எலிகளின் எண்ணிக்கை பூனைகளைப் பொறுத்தது. ஆக, ஒரு வட்டாரத்தில் பூனைகள் நிறைய இருந்தால், எலி குறைந்து, தேனீ பெருகி, குளோவர் பூக்களும் அதிகமாகலாம்.

இத்தனையும் படித்த பிறகு எதையும் விட மனம் வராது. ஒவ்வொன்றிடமும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதை எடுத்துவிட்டால் வாதத்தில் ஒரு படி காணாமல் போகுமா, அல்லது அதே படிக்கு இன்னொரு சான்று குறையுமா? களைச்செடிகளும் குளிர்காலப் பறவைகளும் 'பெருக்கத்துக்குத் தடைகள் இருக்கின்றன' என்ற ஒரே படிக்குத்தான் சான்று. இரண்டில் ஒன்று போதும். இடம் இல்லையென்றால் இரண்டும் வேண்டாம். பைன் கன்றும் பூனையும் 'சிக்கலான தொடர்புகள்' என்ற படிக்குச் சான்று. இங்கே நான் பூனையைத்தான் வைப்பேன். நான்கு உயிர்கள் ஒரு சங்கிலியாகக் கோக்கப்படுவதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியும். பைன் கன்றுக்கு மூன்று வாக்கியமாவது வேண்டும். யானைக் கணக்கை விடவே முடியாது. மிக மெதுவாகப் பெருகும் விலங்குக்கே இப்படி என்றால் மற்றவற்றுக்கு எப்படி என்று அதுதான் வாதத்தைத் தூக்கி நிறுத்துகிறது.

ஆக, ஒரு பக்கச் சுருக்கத்துக்கு இரண்டு எடுத்துக்காட்டு. எண்கள் அதைவிடக் குறைவாக. எண்களைக் கொட்டினால் படிப்பவர் எண்களை நினைவில் வைத்துக்கொண்டு வாதத்தை விட்டுவிடுவார்.

எழுதும்போது

இப்போது ஓரக்குறிப்பை மட்டும் எதிரில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் ஆசிரியரின் வாக்கியங்கள் உங்கள் வாக்கியங்களுக்குள் நுழைந்துவிடும். ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் எழுதுபவர்களுக்கு இந்தச் சிக்கல் வேறு உருவில் வரும்: சுருக்கம் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, அங்கங்கே ஒரு வரியை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார்கள். மூலம் மூடியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு தொடரை அப்படியே எடுத்தாள வேண்டியிருந்தால் மேற்கோள் குறிக்குள் போட்டு, பக்க எண் கொடுங்கள்.

யார் சொல்கிறார் என்பது எப்போதும் தெளிவாக இருக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் 'என்று கூறுகிறார்' என முடித்தால் சலித்துப் போகும். ஆசிரியர் உண்மையில் என்ன செய்கிறாரோ அதற்கான வினையைத் தேடுங்கள். யானை விஷயத்தில் அவர் கணக்கிடுகிறார். மால்தஸ் விஷயத்தில் விரித்துப் பொருத்துகிறார். பூனை விஷயத்தில் ஊகிக்கிறார். பல இடங்களில், தடைகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் குறைவு என்று ஒப்புக்கொள்கிறார். ஊகத்தை 'நிறுவுகிறார்' என்று எழுதிவிட்டால் ஆசிரியருக்கே அநியாயம் செய்தவர்களாவோம். பேச்சுவழக்கில் வரும் 'இருக்குமாம்', 'பெருகுமாம்' என்ற ஈறும் வேண்டாம். சொன்னவரை நம்பாத தொனி அதில் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் கருத்து வாசல் தெரியாமல் உள்ளே வந்துவிடும்.

உங்கள் கருத்தை எங்கே எழுதுவது? சுருக்கத்தில் எங்கேயும் இல்லை. அத்தியாயத்தோடு உங்களுக்குச் சண்டை இருந்தால், ஒரு வரி இடைவெளி விட்டு 'என் குறிப்பு' என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால், ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எது டார்வின், எது நீங்கள் என்று உங்களுக்கே தெரியாது.

இதெல்லாம் சேர்ந்து எப்படி வரும் என்று பார்ப்போம்:

சார்லஸ் டார்வின், 'உயிரினங்களின் தோற்றம்', முதற்பதிப்பு, 1859. அத்தியாயம் 3: வாழ்க்கைப் போராட்டம்.

இயற்கையில் உயிர்களுக்கிடையே சிறு வேறுபாடுகள் இருப்பதை முந்தைய அத்தியாயத்தில் காட்டிய டார்வின், அவை எப்படித் தனித்தனி இனங்களாக வளர்கின்றன என்ற கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறார். விடை வாழ்க்கைப் போராட்டத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம். நேரடிச் சண்டையை மட்டும் அவர் போராட்டம் என்று குறிக்கவில்லை. ஓர் உயிர் மற்றொன்றைச் சார்ந்திருப்பதும், சந்ததியை விட்டுச் செல்வதில் வெற்றி பெறுவதும் அதில் அடங்கும்.

போராட்டத்துக்கு அடிப்படைக் காரணம் மிகுபெருக்கம். மனித மக்கள்தொகை பற்றி மால்தஸ் சொன்னதை டார்வின் எல்லா விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் பொருத்துகிறார். மிக மெதுவாகப் பெருகும் யானைகூட, தடையே இல்லாவிட்டால், ஓர் இணையிலிருந்து ஐந்து நூற்றாண்டில் ஒன்றரைக் கோடியாகும் எனக் கணக்கிடுகிறார். அப்படி எந்த உயிரும் பெருகாததால், ஒவ்வொன்றும் வாழ்நாளின் ஏதோ ஒரு கட்டத்தில் பெரும் அழிவைச் சந்திக்கிறது. எதிரிகள், உணவுப் பற்றாக்குறை, தட்பவெப்பம், நோய் ஆகியவை தடைகளாக இருந்தாலும், எந்த உயிருக்கு எது தடை என்பது மிகக் குறைவாகவே தெரிந்திருக்கிறது என ஒப்புக்கொள்கிறார்.

இந்தத் தடைகள் பின்னிப் பிணைந்தவை. பூனைகள் எலிகளைக் குறைக்க, எலிகள் அழிக்கும் தேனீக் கூடுகள் தப்பிக்க, அந்தத் தேனீயை நம்பிய குளோவர் செடி பெருகக்கூடும் என்று ஊகிக்கிறார். ஒரே உணவும் ஒரே இடமும் தேவைப்படுவதால், போட்டி ஒரே இனத்துக்குள்தான் மிகக் கடுமையாக இருக்கிறது. எனவே ஓர் உயிரின் உடலமைப்பு, அது போட்டியிடும், இரையாக்கும், தப்பியோடும் மற்ற உயிர்களோடு தொடர்புடையது என்று முடிக்கும் டார்வின், சிறிதளவேனும் பயன்தரும் வேறுபாடு உடையவை பிழைத்து அதைச் சந்ததிக்குக் கடத்தும் என்ற கருத்தை அடுத்த அத்தியாயத்துக்கு எடுத்துச் செல்கிறார்.

இதில் வரிசை ஏறக்குறைய டார்வினின் வரிசையேதான். ஆனால் அது கட்டாயமில்லை. கடைசி வாக்கியத்தில் உள்ள கருத்தை அவர் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். படிப்பவருக்கு அடுத்த அத்தியாயத்தோடு தொடர்பு விளங்கட்டும் என்று நான் கடைசியில் வைத்தேன். வாதம் சிதையாதவரை இப்படி மாற்றலாம். அத்தியாயத்தை முடிக்கும் ஆறுதல் வாக்கியத்தை, அதாவது இயற்கையின் போர் இடைவிடாமல் நடப்பதில்லை, சாவு பெரும்பாலும் சட்டென்று வருகிறது என்பதை, விட்டுவிட்டேன். அழகான வாக்கியம்தான். வாதத்தில் அது ஒரு படி இல்லை. 500 சொற்கள் அனுமதி இருந்தால் சேர்த்திருப்பேன்.

சரிபார்ப்பது: நன்னூல் சொல்லும் குற்றங்கள்

எழுதி முடித்ததும் ஒரு நாள் ஆறப்போடுங்கள். அப்புறம் சரிபார்க்கப் பவணந்தி முனிவரின் நன்னூலைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரியாது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அது சொல்கிறது. சுருக்கம் எழுதுபவருக்கு அவற்றில் ஐந்து மிகவும் வேண்டியவை.

குன்றக் கூறல். வேண்டியது விடுபட்டிருக்கிறதா? போராட்டம் உண்டு என்று எழுதிவிட்டு, மிகுபெருக்கம் என்ற காரணத்தை விட்டிருந்தால் இந்தக் குற்றம்.

மிகைபடக் கூறல். சொன்னதைவிடக் கூட்டிச் சொல்லியிருக்கிறீர்களா? 'தடையே இல்லாவிட்டால்' என்ற ஒரு தொடர் விடுபட்டால், யானைகள் உண்மையிலேயே அப்படிப் பெருகும் என்று டார்வின் நம்பியதாகிவிடும். 'கூடும்', 'பெரும்பாலும்', 'சில இடங்களில்' போன்ற சொற்கள் சுருக்கும்போது முதலில் பலியாகின்றன. அவற்றைக் காப்பாற்றுங்கள்.

கூறியது கூறல். ஆசிரியர் ஒரே கருத்தை மூன்று இடத்தில் சொல்லியிருப்பார். நீங்கள் ஒரு முறை சொன்னால் போதும்.

மாறுகொளக் கூறல். முதல் பத்தியில் 'போராட்டம்' விரிந்த பொருளில் என்று எழுதிவிட்டு, பிறகு முழுக்கப் புலியும் மானும் மாதிரி எழுதியிருந்தால் நீங்களே உங்களுக்கு முரண். பாலைவனத்தின் ஓரத்தில் வறட்சியோடு போராடும் செடியும், பறவைகளைத் தன் பழத்துக்கு இழுக்கும் புல்லுருவியும் டார்வினுக்குப் போராட்டக்காரர்கள்தான்.

மற்றொன்று விரித்தல். எல்லாவற்றிலும் ஆபத்தானது இது, ஏனெனில் நன்றாகத் தெரிந்தவர்களே இதில் விழுகிறார்கள். டார்வின் என்றதும் குரங்கிலிருந்து மனிதன் வந்த கதையும் பீகிள் கப்பல் பயணமும் கைக்குத் தானாக வரும். இரண்டும் இந்த அத்தியாயத்தின் பொருள் இல்லை. 'தகுதியுள்ளது தப்பிப் பிழைக்கும்' என்ற தொடரும் அப்படித்தான். அது ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் உருவாக்கியது. டார்வின் அதைத் தன் நூலில் சேர்த்துக்கொண்டது 1869இல் வந்த ஐந்தாம் பதிப்பில். முதற்பதிப்பைச் சுருக்குகிறேன் என்று தலையில் எழுதிவிட்டு அந்தத் தொடரைப் போட்டால், எழுதியவர் அத்தியாயத்தைவிடத் தன் நினைவை நம்பினார் என்று தெரிந்துவிடும்.

சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே மூலத்தின் பக்க எண்ணைப் பென்சிலால் எழுதிப் பாருங்கள். பக்க எண் கிடைக்காத வாக்கியம் வெளியிலிருந்து வந்தது, எடுத்துவிடுங்கள்.

வாதம் இல்லாத அத்தியாயம் என்றால்?

தன்வரலாறு, பயணநூல், வரலாறு போன்றவற்றில் அத்தியாயம் கதையாகப் போகும். அங்கே 'என்ன நிறுவுகிறார்' என்று தேடினால் கிடைக்காது. 'என்ன மாறியது' என்று தேடுங்கள். அத்தியாயத்தின் தொடக்கத்தில் இருந்த நிலை எது, முடிவில் எது, நடுவில் எந்தக் கணத்தில் திரும்பியது?

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் பகுதியைப் படித்திருப்பீர்கள். 1880இல் நடந்தது. அதைச் சுருக்கினால் இப்படி வரும்: கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த முதலியாரைப் பார்க்கப் போகிறார். தாம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதையும், படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவைகளையும் சொல்கிறார். அதனால் என்ன பிரயோசனம் என்று கேட்கும் முதலியார், சீவக சிந்தாமணி, மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்கிறார். பிரதி கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்க முடியும் என்று சாமிநாதையர் பதில் சொல்கிறார்.

படித்துத் தேர்ந்தவர் என்ற நிறைவோடு போனவர், தான் பார்த்தே இராத ஒரு தமிழ் இருக்கிறது என்ற அறிவோடு திரும்புகிறார். திரும்பும் கணம் அந்தக் கேள்வி. அதைச் சுற்றித்தான் சுருக்கம் நிற்க வேண்டும். அவர் பிறகு 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அந்தச் சந்திப்பின்போது சாமிநாதையருக்குத் தெரியாது. அதைச் சேர்க்க விரும்பினால் 'என் குறிப்பு' பகுதியில் சேருங்கள்.

பாடநூல் அத்தியாயம் என்றால் வேலை எளிது. துணைத்தலைப்புகளே எலும்புக்கூடு. வரையறைகளையும் சூத்திரங்களையும் உங்கள் சொற்களில் மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மாற்றினால் பிழை வரும். விளக்கங்களை மட்டும் சுருக்குங்கள்.

முழுப் புத்தகத்தையும் இப்படிச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிய அந்த ஒற்றை வாக்கியத்தை மட்டும் தனித் தாளில் வரிசையாக எழுதி வாருங்கள். டார்வினின் முதற்பதிப்பில் 14 அத்தியாயங்கள், 14 வாக்கியங்கள். ஒன்றிலிருந்து அடுத்ததுக்குப் படித்துக்கொண்டு போகும்போது எங்காவது இணைப்பு அறுந்தால், அந்த இரண்டு அத்தியாயங்களின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் மறுபடி திறந்து பாருங்கள்.